புருவம் ஏறினால் போகலாம்

அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில் பெரியவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓட்டுவார், இன்னொருத்தி குழந்தைகளை ஏற்றி இறக்குவாள். இருவரும் புருஷன் பெண்டாட்டி. காலையும் மாலையும் ஒரே வண்டியில்தானே போகிறார்கள், பேசிப் பேசியே வழி தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை வாண்டுகளும் சேர்ந்து வாயைத் திறந்தால் தன் குரலே தன் காதில் விழாது. அதனால் வண்டிக்குள் அவர்கள் பேச்சு முழுக்க ஜாடைதான்.

குழந்தைகளுக்கு அவள் பஸ் அத்தை. அவர் அரைக்கண் மாமா. அந்தப் பெயரில் கேலி இருந்ததே தவிரப் பொய் இல்லை. பிறந்ததிலிருந்தே அவருடைய இடது கண்ணின் மேல் இமை தொங்கியிருக்கும். கடை சாத்துகிற நேரத்தில் பாதி இறக்கிவிட்ட ஷட்டர் மாதிரி. பார்வையில் ஒரு குறையும் கிடையாது. எதையாவது நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துப் புருவத்தை ஒரு தூக்குத் தூக்குவார். புருவம் ஏறினால் இமையும் கூடவே ஏறிவிடும். அவளை முதன்முதலாகப் பார்த்தபோதும் அந்தப் புருவம் ஏறித்தான் இறங்கியது. "மாமா உன்னைப் பாதிதான்க்கா பாத்தாரு, அதான் சரின்னுட்டாரு" என்று அவளுடைய தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் புருவத்தை நம்பித்தான் பஸ் அத்தை தன் வேலையையே வைத்திருந்தாள். எப்படி என்று சொல்கிறேன். சாலையின் இந்தப் பக்கம் வீடு இருக்கிற குழந்தை என்றால் இறக்கிவிட்டு, கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஏறிக் கதவை இழுத்துச் சாத்துவாள். கதவு 'டம்'மென்று விழுந்தால் அவர் கிளம்புவார். அந்தப் பக்கத்துக் குழந்தை என்றால் அப்படி இல்லை. கதவைத் திறந்தே விட்டுவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் முன்மூலைக்கு வந்து நிற்பாள். நின்று, முன்கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் இடது புருவம் ஏறும். 'பார்த்துவிட்டேன், போ' என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் பஸ்ஸுக்கு முன்னால் காலை வைப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அந்தப் புருவம் ஏறாமல் அவள் கால் நகர்ந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வண்டிக்குள் அந்த மெஷின் வந்தது.

அது வந்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. அதே கம்பெனியின் வேறொரு பஸ்ஸில் டிரைவர் கண்ணசந்துபோய், வண்டி சாலை நடுவிலிருந்த தடுப்பில் மோதி, குழந்தைகளுக்குக் கையும் காலும் உடைந்திருந்தன. பெற்றவர்கள் கொதித்துப்போனார்கள். தூங்கினால் எழுப்புகிற கருவி ஒன்று எல்லா பஸ்ஸிலும் வேண்டும் என்று முதலில் கேட்டது, ஓட்டைப்பல்லின் அம்மா. ஓட்டைப்பல் என்பது முன்பற்கள் விழுந்து இன்னும் முளைக்காத ஒரு சின்னப் பெண். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். உடைந்த கைகளுக்குக் கட்டுப் போட்டவர்களில் அந்த நர்ஸம்மாவும் ஒருத்தி. பிறகு கேட்காமல் என்ன செய்வாள்? பஸ் அத்தைக்கும் அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து பயம்தான். மெஷின் வருகிறது என்றதும் அப்பாடா என்று மூச்சு விட்டவள் அவள்.

ஸ்டியரிங்குக்கு மேலே, டிரைவர் முகத்துக்கு நேராக அதை மாட்டினார்கள். மிளகு அளவுக்கு ஒரு கண், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. விழித்திருந்தால் பச்சை, அசந்தால் மஞ்சள், தூங்கினால் சிவப்பு. சிவப்பு வந்தால் வண்டியே பேசும். அந்த நிறம் அங்கேயே நிற்காது. ஆபீசுக்கும் போகும், பெற்றவர்களின் போனுக்கும் போகும். முன்பெல்லாம் அம்மாக்கள் தெருமுனையில் நின்று கழுத்தை நீட்டி நீட்டி பஸ் வருகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது யாரும் சாலையைப் பார்ப்பதில்லை. போனில் ஒரு புள்ளி நகர்ந்து வரும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். சில நாள் புள்ளி வருவதற்குள் பஸ் வந்துவிடும். எதிரே நிற்கிற பஸ்ஸை விட்டுவிட்டு, இன்னும் வரவில்லையே என்று போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாட்டிய அன்றே, ஷெட்டை விட்டு வெளியே வருவதற்குள் விளக்கு சிவந்தது.

"ஓட்டுநர் உறங்குகிறார். வாகனத்தை உடனே நிறுத்தவும்" என்றது ஒரு பெண் குரல். இலக்கண சுத்தமான குரல். கோபமும் இல்லை, பதற்றமும் இல்லை.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உங்கம்மாவுக்கு அப்புறம் என்னை இவ்வளவு உன்னிப்பா யாரும் பாத்ததில்ல" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து சிரிக்க ஒன்றும் இல்லை. மெஷினுக்கு அந்த இமைதான் தெரிந்தது. இமை தொங்கினால் தூக்கம். அவ்வளவுதான் அதன் படிப்பு. அவர் புருவத்தை ஏற்றிப் பிடித்தால் கொஞ்ச நேரம் பச்சை எரியும். மனுஷன் எவ்வளவு நேரம் புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருப்பான்? இறங்கினால் மறுபடி அந்தக் குரல். குழந்தைகளுக்கு அது பாட்டு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. குரல் ஆரம்பித்தவுடன் பஸ்ஸே சேர்ந்து பாடும்: "ஓட்டுநர் உறங்குகிறார், வாகனத்தை உடனே நிறுத்தவும்." ஓட்டைப்பல் பாடும்போது பல்லில்லாத இடத்தில் காற்று புகுந்து 'நிறுத்தவும்' வேறு என்னவோ ஆகும். அதற்கொரு சிரிப்பு அலை.

அவர் தூங்குகிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க அவளுக்கு மெஷின் வேண்டியதில்லை. அவர் விழித்திருந்தால் இடது கட்டைவிரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அசதி வந்தால் அந்த விரல்தான் முதலில் அடங்கும். விரல் அடங்கினால் அவள் எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். எங்கேயாவது ஓரம்கட்டி முகம் கழுவிக்கொள்வார். இதெல்லாம் இருவருக்கு நடுவில் இருந்த ஏற்பாடு. இதை எந்தப் போனுக்கு அனுப்புவது?

ஆபீசிலிருந்த சூப்பர்வைசர் நல்ல பையன். அவர்களை அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கே இதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. மாதக் கடைசியில் யார் யார் கணக்கில் சிவப்பு அதிகமோ அவர்களை வண்டியிலிருந்து இறக்கிவிடச் சொல்லி மேலே முடிவாகிவிட்டது என்றான்.

"எனக்கு உங்க கண்ணு தெரியாதாண்ணே? ஆனா மேல இருக்கறவங்களுக்கு உங்க கண்ணு தெரியாது. கலர்தான் தெரியும்" என்றான்.

மெஷினுக்கு எடுத்துச் சொல்ல வழியில்லையா என்று அவள் கேட்டாள். செய்தவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதிலே இல்லை அக்கா என்றான்.

பெற்றவர்களுடைய பார்வையும் மாறிவிட்டது. வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் குழந்தையை ஏற்றிவிடும்போது டிரைவரின் முகத்தை ஒரு தரம் எட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தொங்கிய இமையை இத்தனை வருஷமாகப் பார்த்தவர்கள்தான். இப்போது புதிதாகப் பார்த்தார்கள். ஒருவர் தன் பையனை பஸ்ஸிலிருந்து நிறுத்திவிட்டுக் காரில் கொண்டுவிட ஆரம்பித்தார். அவர் கார் ஒரு நாள் சிக்னலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பையன் ஜன்னல் வழியாகக் கையசைத்தான். அரைக்கண் மாமாவும் கையசைத்தார். அப்புறம் வழியெல்லாம் அவர் கட்டைவிரல் தாளம் போடவில்லை. அவருக்குத் தூக்கமில்லை என்று அவளுக்குத் தெரியும். அது வேறு.

அவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஓட்டாத நாளில் வீட்டுக்குள் இடம் தெரியாமல் நாற்காலியில் இடித்துக்கொள்கிற மனுஷன். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். குளியலறைக் கண்ணாடியில் நின்று புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பழகினார். அவள் கதவு இடுக்கு வழியாக அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவளுக்கு மனசு தாங்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை அவளுடையது; அவர் கேட்கவே இல்லை.

மருந்துக்கடையில் தோல் நிறத்தில் மெல்லிய பிளாஸ்திரி விற்பார்கள். அதில் ஒரு துண்டை வெட்டி, இமையின் மடிப்பிலிருந்து இழுத்துப் புருவத்தோடு சேர்த்து நெற்றிவரைக்கும் ஒட்டினாள். மேலே டிரைவர் தொப்பியைக் கீழே இறக்கி வைத்துவிட்டால் வெளியில் தெரியவே தெரியாது. கண் நன்றாகத் திறந்துகொண்டது. வலது கண்ணைவிடப் பெரிதாகவே தெரிந்தது. புருவம் மேலே ஏறி அங்கேயே நின்றது, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர் மாதிரி.

"எப்படி இருக்கேன்?" என்றார்.

"யாரையோ கல்யாணம் பண்ணிக்கிட்டா மாதிரி இருக்கு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நெடுநாள் கழித்துச் சிரித்த சிரிப்பு.

அன்று முழுக்கப் பச்சை. மறுநாளும் பச்சை. குரல் வாயே திறக்கவில்லை. குழந்தைகளுக்குத்தான் ஏமாற்றம், தாங்களாகவே பாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். காரில் போன பையன் மறுபடி பஸ்ஸுக்கே வந்தான். ஒரு அம்மா இறங்கும் இடத்தில் நின்று, "இப்பதாங்க நிம்மதியா இருக்கு" என்று போனைக் காட்டினாள். பஸ் அத்தையும் தலையாட்டினாள். வீட்டில் அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

ஆனால், பாருங்கள், கண் என்று ஒன்று இருந்தால் அது இமைக்க வேண்டும். இமைக்க முடியாத கண் காய்ந்துபோகும். காய்ந்தால் எரியும், எரிந்தால் தண்ணீர் கொட்டும். இரண்டு மூன்று நாளில் அந்தக் கண் மிளகாய்த்தூள் பட்டது போலச் சிவந்துவிட்டது. ஓட்டிக்கொண்டே கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வார். இடது பக்கத்துக் கண்ணாடியை ஒரு மரக்கிளையில் உரசினார். இதுவரை அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பக்கம் எல்லாம் கொஞ்சம் பனி மூடினாற்போல இருக்கிறது என்று ஒரு தரம் சொன்னார்.

"மாசக் கடைசி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அவள் சொட்டு மருந்து விட்டாள்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். அவர் கண் சாலைக்குப் போவதைவிட அந்த விளக்குக்கு அதிகமாகப் போனது. பச்சையா என்று பார்ப்பார், சாலையைப் பார்ப்பார், மறுபடி பச்சையா என்று பார்ப்பார். அவளும் அப்படித்தான். தன் சீட்டிலிருந்து அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது அந்தச் சின்ன விளக்கையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பச்சை எரிகிறதா, எரிகிறது.

இதற்கு மேல் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் எனக்கு மேலே சொல்ல மனசு வருகிறது.

ஓட்டைப்பல் இறங்குவது எப்போதும் இந்தப் பக்கம். அம்மா வேலையிலிருந்து வந்து அங்கேயே நிற்பாள். அன்றைக்கு நர்ஸம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வேறு வழியாக வந்ததால் எதிர்ப்பக்கம் நின்று கையை ஆட்டினாள். பஸ் அத்தை பெண்ணை இறக்கினாள், எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள், சரி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்மூலைக்கு நடந்தாள். அந்த நேரம் காற்று ஒன்று சுழற்றி அடித்து தூசியும் குப்பையுமாக வாசல் வழியாக உள்ளே புகுந்தது. வாசலை ஒட்டின சீட்டில் இருந்த பெண் எழுந்து, உதவி செய்கிற நினைப்பில் கதவை இழுத்துச் சாத்தினாள்.

டம்.

அவருக்குக் கதவு கேட்டது. இந்த நிறுத்தத்தில் யாரும் சாலையைக் கடக்கிற வழக்கம் இல்லை. இடது பக்கம் பார்த்தார். ஒரே பனிமூட்டம், அதில் ஆள் எதுவும் தெரியவில்லை. விளக்கைப் பார்த்தார், பச்சை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

பஸ் அத்தை முன்மூலையில் நின்று, என்றைக்கும் போலக் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே இடது புருவம் ஏறியிருந்தது. பார்த்துவிட்டார். அவள் காலை எடுத்து வைத்தாள்.

பஸ்ஸின் மூக்கு அவள் தோளில் வந்து இடித்தது. முதலில் அது என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை. யாரோ கூட்டத்தில் தள்ளுகிற மாதிரி இருந்தது. புருவம் ஏறியிருக்கிறதே, அப்புறம் எப்படி வண்டி நகரும்? அந்த ஒரு நொடி அவள் நம்பவில்லை. அப்புறம் உடம்பு தானாக நடந்துகொண்டது. குழந்தையை முழு பலத்தோடு ஓரத்துப் புல்லில் வீசினாள். இன்னொரு கையால் முன்தகரத்தைப் படபடவென்று அறைந்தாள். முட்டி தரையில் தேய்ந்தது. பிரேக் கிறீச்சிட்டது. குழந்தையின் தண்ணீர் பாட்டில் முன்சக்கரத்துக்குக் கீழே போய், ஒரு சத்தத்தோடு நசுங்கியது.

அப்புறம் எங்கும் சத்தமில்லை. பஸ்ஸுக்குள் கூட இல்லை.

நர்ஸம்மா சாலையைக் கடந்து ஓடி வந்தாள். பெண்ணைத் தூக்கி, கை கால் தலை எல்லாம் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். குழந்தை அழக்கூட இல்லை. பாட்டில் போச்சே என்று சக்கரத்துக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாதவள் போலத் தன் போனைப் பார்த்தாள்.

"பச்சையாத்தானே இருக்கு" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். "இதுல பச்சையாத்தானே காட்டுது."

பஸ் அத்தை கையை ஊன்றி எழுந்தாள். நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குள் ஏறினாள். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இடது கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது அழுகையா எரிச்சலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. முகம் வெளிறிக் கிடந்தது. புருவம் மட்டும் மேலேயே நின்றது. இதை ஒட்டியது நான்தானே என்று நினைத்தாள். தொப்பியை எடுத்தாள். பிளாஸ்திரியின் நுனியை நகத்தால் நிமிண்டி ஒரே இழுப்பாக உரித்தாள். அதோடு நாலு புருவ மயிரும் வந்தது.

இமை இறங்கியது. விளக்கு சிவந்தது.

"ஓட்டுநர் உறங்குகிறார். வாகனத்தை உடனே நிறுத்தவும்."

எந்தக் குழந்தையும் கூடச் சேர்ந்து பாடவில்லை.

"பல்லைக் கடிச்சுக்கச் சொன்னியேம்மா" என்றார் அவர், மெதுவாக.

"சொன்னது தப்பு. அது எப்படியோ கத்தட்டும். எனக்கு உங்க புருவம் வேணும்" என்றாள்.

முகம் கழுவச் சொன்னாள். ஓரமாக நிறுத்தி, கண்ணுக்கு மருந்து விட்டு, அந்தக் கண் பனி நீங்கித் தெளிகிறவரை எல்லாரும் காத்திருந்தார்கள். நர்ஸம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். திட்டுவாள் என்று பஸ் அத்தை எதிர்பார்த்தாள். அவள், பஸ் அத்தை கையிலிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள், அவர் கண்ணைப் பார்த்தாள், குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

மிச்ச வழி முழுக்க மெஷின் கத்திக்கொண்டே வந்தது. அவள் உட்காரவில்லை. முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். விரல் மெல்ல மெல்லத் தாளத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் போனும் கையுமாக முகங்கள் காத்திருந்தன. எல்லாப் போனும் சிவப்பு. ஒருவர் குழந்தையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவள் அடுத்த குழந்தையின் கையைப் பிடித்தாள். முன்மூலைக்கு வந்தாள், நின்றாள். புருவம் இறங்கியிருந்தது, பிறகு ஏறியது. கடந்தாள்.

ஷெட்டில் சூப்பர்வைசர் வாசலுக்கே வந்து நின்றான். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே செய்தி அவனுக்கு வந்துவிட்டது. ஆனால் வந்த செய்தி வேறு. யாரோ குறுக்கே வந்தார்கள், டிரைவர் பிரேக் போட்டார், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. சிவப்பைப் பற்றித்தான் அவன் கவலை.

"அண்ணே, ஒரு வாரமா சுத்தமா பச்சை. இன்னிக்குச் சாயங்காலம் மட்டும்தான் சிவப்பு. லென்ஸ்ல தூசி படிஞ்சுடுச்சுன்னு மேல சொல்லிடறேன். காத்து வேற அடிச்சுது, நம்புவாங்க. தப்பிச்சுக்கலாம்" என்றான்.

சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது. நிஜமாகவே உதவி செய்ய நினைத்தான்.

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டினால் போதும். தூசி என்று முடிந்துவிடும். ஆனால் நாளைக்கு விடிந்தால் அந்த விளக்கு மறுபடி பச்சையாக எரிந்தாக வேண்டும். பச்சை எரிய வேண்டுமென்றால் என்ன ஒட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மருந்துக்கடைச் சுருளில் இன்னும் முக்கால்வாசி மிச்சமிருந்தது.

அவள் ஆபீசுக்குள் போய், பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அவன் மேஜைமேல் வைத்தாள். நாலு மயிரும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தப் பச்சைதான் தம்பி தப்பு. சிவப்பு காட்டுன நாளெல்லாம் அவர் நல்லாத்தான் ஓட்டினார். இதை ஒட்டினது நான்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பனிமூட்டத்தை, மரக்கிளையை, கதவு சாத்தியதை, புருவத்தை, பாட்டிலை.

சூப்பர்வைசர் அந்தத் துண்டைத் தொடவில்லை. "அக்கா, இதை நீங்க சொல்லல, நான் கேக்கலன்னு வெச்சுக்கலாமா?" என்றான்.

"வேணாம், கேட்டுக்க. வேற எந்த வண்டியிலயாவது இன்னொருத்தர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

பேசி முடித்து வெளியே வந்தபோது அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அவள் நொண்டுகிறாள் என்பதற்காக வாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு காரணமும் இருந்திருக்கும்.

மேலே என்ன முடிவாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் அவர் வண்டி எடுக்கக்கூடாது என்று மட்டும் வந்தது. டாக்டரைப் பார்த்து இமையை வெட்டித் தைத்துச் சரிசெய்துகொண்டால் மெஷின் ஏற்றுக்கொள்ளும் என்று சூப்பர்வைசர் விசாரித்து வந்து சொன்னான். "நான் பாக்கறதுக்கு இது போதும். அது பாக்கறதுக்காக நான் கண்ணைக் கிழிச்சுக்கணுமா?" என்று கேட்டார் அவர். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை. இப்போதைக்கு ஷெட்டில் வண்டி கழுவுகிற இடத்தில் விட்டிருக்கிறார்கள். எல்லா பஸ்ஸையும் கழுவி, கடைசியில் அந்த மிளகு அளவுக் கண்ணையும் ஈரத்துணியால் துடைத்து வைப்பார்.

பஸ் அத்தையின் வண்டிக்குப் புது டிரைவர் வந்தான். சின்ன வயசு. பளிச்சென்று பெரிய கண்கள். சீட்டில் உட்கார்ந்ததும் விளக்கு பச்சையாக எரிந்தது. அதற்கப்புறம் மாறவே இல்லை. பெற்றவர்களுக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஓட்டைப்பல்லும் வந்தாள், புதுப் பாட்டிலோடு. "அரைக்கண் மாமா எங்க அத்தை?" என்று கேட்டாள். வண்டி கழுவுறார் என்றதும், "பாவம், நனைஞ்சுடுவாரே" என்று கவலைப்பட்டுவிட்டு ஜன்னலோரம் போய்விட்டாள்.

சாயங்காலம் முதல் நிறுத்தம். எதிர்ப்பக்கத்துக் குழந்தை. பஸ் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு முன்மூலைக்கு வந்து நின்று, கண்ணாடியைப் பார்த்தாள். பெரிய கண்கள் இரண்டும் திறந்திருந்தன. அவளைப் பார்க்கிறதா, அவளுக்குப் பின்னால் சாலையைப் பார்க்கிறதா, ஒன்றும் விளங்கவில்லை. அவள் கால் நகரவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. போங்கக்கா என்று அவன் கையைக் காட்டினான்.

அவள் குழந்தையோடு திரும்பி, பஸ்ஸுக்குள் ஏறி அவனிடம் வந்தாள்.

"தம்பி, என்னைப் பாத்தா புருவத்தைத் தூக்கு" என்றாள்.

"எதுக்குக்கா? பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். பாருங்க, பச்சைதான்" என்று விளக்கைக் காட்டினான்.

"அது எனக்கு வேணாம். நீ தூக்கு."

அவன் சிரித்தான். சிரித்தாலும் தூக்கினான். இரண்டு புருவமும் சேர்ந்து ஏறின. பழக்கமில்லாததால் காதும் கூட ஆடியது. அவள் இறங்கி முன்மூலைக்குப் போய் நின்றாள். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. குழந்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, ஏறி, கதவைச் சாத்தினாள். டம்மென்று விழுந்தது. இனிமேல் என்னைத் தவிர யாரும் இந்தக் கதவைத் தொடக்கூடாது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வண்டி நகர்ந்தது. பின்னால் இரைச்சல் தொடங்கியது. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. பழக்கதோஷத்தில் அவள் பார்வை ஸ்டியரிங்குக்குப் போனது. புது டிரைவரின் இடது கை அதன்மேல் கிடந்தது. கட்டைவிரல் ஆடவில்லை. அது அவன் வழக்கமா, அசதியா, அவளுக்குத் தெரியாது. இந்தக் கை விழித்திருக்கும்போது எப்படி இருக்கும், அசரும்போது எப்படி இருக்கும் என்று இனிமேல்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழக வேண்டும். அதற்கு எத்தனை நாள் பிடிக்குமோ. அதுவரைக்கும் பின்னால் இத்தனை குழந்தைகள்.

அவள் எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, உங்க வீட்டுல யார் யாரு? சொல்லிக்கிட்டே ஓட்டுப்பா" என்றாள்.